கயிற்றில் தொண்ணூற்றெட்டு

முதலில் மிளகாயை எடுத்தேன்.
பன்னிரண்டாம் பக்கத்தில்
வீட்டுச் சுவரெல்லாம் சரம் சரமாகத் தொங்கியது.
ஸ்ட்ரூமிட்சாவில் உட்கார்ந்து எழுதுகிறவர்,
ஜன்னலைத் திறந்தாலே மிளகாய்தான்,
குஸ்மான் ட்ரென்செவ் பாவம், என்ன செய்வார்.
ஆனால் கதை நடப்பது ஆயிரத்துப் பதினான்கில்.
அந்தச் செடி அப்போது
நம் கப்பல் எதுவும் தொடாத கரையில்
யாருக்கோ காய்த்துக்கொண்டிருந்தது.

பிறகு தக்காளி. பீன்ஸ்.
காவற்காரன் உதட்டிலிருந்து புகையிலையைப் பிடுங்கினேன்.
மக்காச்சோளக் கொல்லையில் ஒளிந்த ஒற்றனை
தினை வயலுக்கு மாற்றினேன்.
தினை இடுப்பளவுதான், இன்னும் குனியட்டும்
என்று ஓரத்தில் எழுதினேன்.

"ஒரு நிமிடம் தயங்கினான்."
அந்த வரியில் நானும் தயங்கினேன்.
நிமிடம் என்று ஒன்று அவனிடம் ஏது?
'கண்ணிமைக்கும் நேரம்' என்று போட்டுவிட்டு,
அடுத்து வருவது என்ன அத்தியாயம் என்று நினைவு வந்து
அடித்தேன்.
'ஒரு மூச்சு.' போதும்.

ட்ரென்செவ் தொலைபேசியில் கத்தினார்:
"என் அடுப்படியையே காலி செய்துவிட்டாயே, ரோட்னா!
வெங்காயமாவது மிச்சமிருக்கிறதா?"
இருக்கிறது என்றேன். பூண்டும், முட்டைக்கோசும்.

பதினான்காம் அத்தியாயம்.
மலையிடுக்கில் படை தோற்றது.
பேரரசனின் ஆணை ஒரே வரி:
நூறில் தொண்ணூற்றொன்பது பேருக்கு இரண்டு கண்ணும்,
மிஞ்சிய ஒருவனுக்கு ஒன்று மட்டும்.
வீட்டுக்கு வழி காட்ட ஆள் வேண்டுமே.
மொத்தம் எத்தனை ஆயிரம் என்பதில்
பழைய ஏடுகளுக்குள் ஒப்புதல் இல்லை.
ட்ரென்செவுக்கு ஒரு நூறு போதும், ஒரு கயிறு போதும்.
ப்ரெஸ்பா ஏரிவரை நடக்கிறார்கள்.

எல்லோருக்கும் பெயர் வைத்திருக்கிறார் மனிதர்.
ராத்கோ. மோமிர். வொய்ஹ்னா.
பெயர் கேட்டால் தன் குதிரையின் பெயரைச் சொல்கிறவன்.
இரட்டையரில் மூத்தவன்,
இளையவன் எந்தக் கயிற்றில் என்று தெரியாதவன்.
வெயில் எந்தக் கன்னத்தில் விழுகிறது என்று
ஒருவரையொருவர் கேட்டுத் திசை அறிகிறார்கள்.
ஒற்றைக் கண்ணன்தான் கதை சொல்கிறான்.
முதலில் பள்ளம், ஆறு, கல் என்று சொல்லி வந்தவன்
எரிந்த ஊர் ஒன்றைக் கடக்கும்போது
"வாற்கோதுமை முற்றி நிற்கிறது" என்கிறான்.
அதன்பின் அவன் சொல்வதில் எது மெய் என்று
நானும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனால் எண்ணுவது என் வேலை.
புறப்படும்போது தொண்ணூற்றொன்பது குருடர்.
ஏரிக்கரையில் தொண்ணூற்றெட்டு.
மறுபடி எண்ணினேன், பெயர் பெயராக, விரல் வைத்து.
வழியில் சாவு எதுவும் எழுதப்படவில்லை.
தோப்ரெட்டா.
அத்தியாயம் முழுவதிலும் ஒரே தடவை பேசுகிறான்:
"இங்கே பிளம் வாசம் வருகிறது."
அப்புறம் அவனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ட்ரென்செவைக் கூப்பிட்டேன்.
தாள்கள் புரளும் சத்தம். ஒரு இருமல்.
"மறந்தே போய்விட்டேன். ஆற்றில் தள்ளிவிடு அவனை.
ஒரு வாக்கியம்தானே, நீயே எழுதிக்கொள்."

இருபத்திரண்டு வருஷம்
பிறர் தப்புகளை வெட்டிப் பிழைப்பவள் நான்.
இல்லாத ஒருவன்தான், தெரியும்.
இருந்தாலும் கேட்டேன்:
கயிற்றின் எந்தப் பக்கம் நடந்தான்?
"இடப்பக்கம்."
கதை சொல்கிறவனுக்கு மிஞ்சியது எந்தக் கண்?
அவர் பதில் சொல்வதற்குள்
ஏதோ பாத்திரம் விழுந்த ஓசை.
"வலது," என்றார். பிறகு மெதுவாக, "அட."

ஓரத்தில் எழுதியிருந்த கேள்விக்குறியை அழித்தேன்.
தொண்ணூற்றெட்டை அப்படியே விட்டேன்.
ஜூலைக் கடைசியில் பிளம் பழுக்குமா என்று மட்டும்
எழுந்து போய்ப் புத்தகத்தில் பார்த்தேன்.
பழுக்கும்,
தாழ்ந்த சரிவுகளில்,
கை நீட்டினால் எட்டும் கிளைகளில்.